எட்டு அடி இடம்

காரின் பின்னால் இழுத்துப்போகிற கரவன் வீடுகளை விற்கும் இடங்களில் ஆட்கள் கட்டிலில் படுத்துப் பார்ப்பார்கள், குளிர்பெட்டியைத் திறந்து மூடிப் பார்ப்பார்கள், கழிவறைக்குள் போய் உட்கார்ந்துகூடப் பார்ப்பார்கள். தரையில் நெற்றியை வைத்து சுஜூது செய்து பார்த்தவர் மஹ்மூத் ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

அது மார்ச் மாதம். சிட்னிக்கு மேற்கே, பென்ரித் பக்கம் நெடுஞ்சாலையோரத்தில் இருந்த யார்டில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மஹ்மூத் சப்பாத்தைக் கழற்றிப் படிக்கட்டில் வைத்துவிட்டுக் கரவனுக்குள் ஏறினார். குசினி அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த நடைபாதையில் கைகட்டி நின்றார், குனிந்தார், பிறகு மெல்ல நெற்றியைத் தரையில் வைத்தார். விற்பனைக்காரன் கதவுக்குள் தலையை நீட்டி, கீழே ஏதும் விழுந்துவிட்டதா என்று கேட்டான்.

"நோ, நோ. மெஷரிங்," என்றார் மஹ்மூத், எழும்பாமலே. பிறகு, "ஜலீலா, நீ வா. எனக்குப் பின்னால நில்லு," என்றார்.

மனைவி ஏறி அவருக்குப் பின்னால் நின்றாள். இருவரும் சேர்ந்து கீழே போனார்கள்.

"அல்லாஹ்வே! ஒங்கட குதிங்கால் என்ட மூக்குல இரிக்கி."

"கொஞ்சம் பின்னால போகா."

"பின்னால பிரிஜ் நிக்கிது. பிரிஜ்ஜுக்குள்ள போய் நிண்டா தொழச் சொல்றீங்க?"

மஹ்மூத் சிரித்தார். சிரித்தபோது அவருடைய முதுகு குலுங்கியது. ஜலீலாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் எழும்பிச் சேலையைச் சரிசெய்துகொண்டபோது அவள் மனத்தில் முடிவு எடுத்தாயிற்று. இது சரிவராது.

மஹ்மூதோ அந்தக் கரவனில் மனத்தைப் பறிகொடுத்திருந்தார். பதினான்கு அடி நீளம். ஆயிரத்து நூற்று எண்பது கிலோ. அவர்களுடைய கார் ஆயிரத்து ஐந்நூறு கிலோவுக்கு மேல் இழுக்காது. தண்ணீர், எரிவாயு, உடுப்பு, சட்டிபானை எல்லாம் ஏற்றிய பிறகும் அந்தக் கணக்குக்குள் நிற்கவேண்டும் என்பதால்தான் அவர் பாரம் குறைந்த கரவனாகத் தேடிக்கொண்டிருந்தார். பெரிய வாகனம் ஒன்று வாங்கலாமே என்று மகன் அர்ஹம் கேட்டபோது, "ஓடத் தெரியாதவன்தான் பெரிய வாகனம் எடுப்பான்," என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். முப்பது வருடம் மற்றவர்களுக்குக் கார் ஓடப் பழக்கியவரிடம் அதற்குமேல் யார் பேசுவது?

திட்டம் அவருடையதுதான். அறுபத்தேழு வயதில் வேலையை விட்டாயிற்று. குவேக்கர்ஸ் ஹில் வீட்டை அர்ஹமுக்கும் அவன் மனைவி நஷ்வாவுக்கும் ஒப்படைத்துவிட்டு, இவர்கள் இரண்டு பேரும் கரவனிலேயே வாழ்வது. விடுமுறைக்குப் போய்த் திரும்புவது அல்ல. அதுதான் இனி வீடு. குளிருக்கு வடக்கே, கோடைக்குத் தெற்கே. மற்றவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த காலம் போதும், இனி நான் ஓடப்போகிறேன் என்றார். ஜலீலா முதலில் சிரித்தாள், பிறகு பயந்தாள், பிறகு எப்படியோ அவளுக்கும் ஆசை வந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் கேட்டார். "என்னகா, பேச்சையே காணல்ல?"

"அதுல ரெண்டு பேர் நிண்டு தொழ ஏலா."

"நீ முதல்ல தொழு. நான் பொறகு தொழுறன். மழை இல்லாட்டி நான் வெளில புல்லுல தொழுவன்."

"முப்பத்தெட்டு வருஷம் ஒங்கட பின்னால நிண்டு தொழுதவ நான். இப்ப வயசு போன காலத்துல தனிய நிண்டு தொழு எண்டு சொல்றீங்க."

மஹ்மூத் மூன்று சிவப்பு விளக்குகளில் நின்று புறப்பட்டார். பிளாக்டவுன் தாண்டிய பிறகுதான், "சரி. வேற பாப்பம்," என்றார்.

அவ்வளவுதான் அவர் பேச்சு. பகல் முழுக்க மாணவர்களிடம் கண்ணாடியைப் பார், பிரேக்கை மெல்லமாக அழுத்து, இப்போது திருப்பு என்று பேசிப் பேசி, வீட்டுக்கு வரும்போது அவரிடம் வார்த்தை தீர்ந்திருக்கும். சாப்பாடு எப்படி என்று கேட்டால் தலையை ஆட்டுவார். இலங்கையின் கல்முனையிலிருந்து பத்தொன்பது வயதில் அவரைக் கைப்பிடித்து இந்த ஊருக்கு வந்த ஜலீலா, முதல் மூன்று மாதம் இந்த மனிதருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றே நினைத்திருந்தாள். அவளுடைய சந்தேகம் தீர்ந்தது மாலை மஃரிப் தொழுகையில்தான். வாடகை அறையில் அவளைப் பின்னால் நிற்கவைத்து அவர் குர்ஆனை ஓதத் தொடங்கியதும், அடங்கிக் கிடந்த அந்தக் குரல் எங்கிருந்தோ எழும்பி வந்தது. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் அவளுக்காக நின்று நின்று போகிற குரல். அதற்குப் பிறகு அவள் அவரிடம் வேறு பேச்சு எதிர்பார்க்கவில்லை. அதிகாலை சுபஹ், மஃரிப், இரவு இஷா. சத்தமாக ஓதும் இந்தத் தொழுகைகளில் நாளைக்கு மூன்று தடவை அந்தக் குரல் அவளுக்குக் கிடைத்தது. அதை ஒரு பிரிஜ்ஜுக்காக விட்டுக்கொடுக்க அவள் ஆயத்தமாக இல்லை.

ஆகவே தேடினார்கள். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக நின்று தொழ நான்கும் நான்கும் எட்டு அடி வேண்டும். பாரம் குறைந்த கரவன் எல்லாம் குட்டையாக இருந்தது. எட்டு அடி நடைபாதை உள்ளதெல்லாம் காரால் இழுக்க முடியாத பாரமாக இருந்தது. ஏப்ரலில் ஒன்று, மே மாதத்தில் மூன்று. ஒவ்வொன்றிலும் மஹ்மூத் சப்பாத்தைக் கழற்றினார், ஜலீலா பின்னால் நின்றாள், ஏதாவது ஒன்று இடித்தது. ஒரு யார்டில் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா வெளியே நின்று பார்த்துவிட்டு, யோகா செய்கிறீர்களா என்று ஆசையாகக் கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டார் மஹ்மூத். காருக்குள் ஏறிய பிறகு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

ஒக்டோபரில் மெல்பேர்னுக்குப் போனார்கள். நகரத்தின் வடக்கே, சொந்தமாகக் கரவன் கட்டித் தருகிற ஒரு சின்னத் தொழிற்சாலை இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். ட்ருகனினாவில் மஹ்மூதின் தம்பி ருஷ்தி வீட்டில் தங்கி, காலையில் அங்கே போனார்கள். முதலாளி ஜலீலாவை அலுவலக அறையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். மஹ்மூதும் அவரும் கண்ணாடிக்கு அப்பால் நின்று ஒரு பெரிய தாளில் கோடு போட்டு, அழித்து, மறுபடி போட்டு வெகுநேரம் பேசினார்கள். முதலாளி இரண்டு தடவை தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார். மஹ்மூத் தாளில் விரலை வைத்து எதையோ சொன்னார். கடைசியில் கைகுலுக்கினார்கள்.

"மேசையக் கழட்டி வைக்கலாம். வாங்குக் கதிரை சுவரோட மடியும்," என்றார் வெளியே வந்து. "ஏப்ரலுக்கு முதல் தருவாங்களாம்."

"எட்டு அடி வருமா?"

"தாராளம்."

சிட்னிக்குத் திரும்பிய மறுநாள் மஹ்மூத் காரை வெளியே விட்டுவிட்டுக் கராஜைக் கூட்டினார். ஜலீலா உள்ளே மீன் ஆணம் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தபோது, சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் ஒரு கரவன் கிடந்தது. சுவர், கட்டில், அடுப்பு, தொட்டி, கழிவறை எல்லாம் உள்ளபடி. தொழும் திசையான கிப்லா பார்த்து வரைந்ததால் கராஜின் சுவர்களோடு சேராமல் கொஞ்சம் கோணலாகக் கிடந்தது. முன்பக்க அலுமாரி வரும் இடத்தில் பழைய புத்தகத் தட்டு ஒன்றை நிறுத்தியிருந்தார். நடைபாதையின் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்குப் பின்னால் அவள் இடம். அதை அவள் முன்னிலையிலேயே நாடாவால் அளந்து காட்டினார். நாலு அடி.

"ஒங்கட பக்கம்?"

"தாராளமா இரிக்கி."

அன்றிலிருந்து இஷாவும் மஃரிபும் சுபஹும் அந்தக் கோடுகளுக்குள்தான். அவர் முன்னால், அவள் பின்னால். அவர் நெற்றியை வைத்தபிறகு அவளும் வைப்பாள். அவர் எழும்பிய பிறகு அவளும் எழும்புவாள். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் இரண்டு மடக்குக் கதிரை போட்டு அதற்குள்ளேயே தேநீர் குடித்தார்கள். ஆறு வயதுப் பேத்தி ஜஹ்ரா சுவரைத் தாண்டி ஓடிவந்தால் மஹ்மூத் விரலைக் காட்டுவார்.

"கதவால வாங்க."

"பட் தேர் இஸ் நோ டோர்!"

"இரிக்கி. நல்லாப் பாருங்க."

அவள் சுற்றிப் போய், இல்லாத கதவைத் திறந்து, இல்லாத படியில் ஏறி உள்ளே வருவாள்.

அந்தக் கோடையில் மஹ்மூதுக்கு முழங்கால் வலி வந்தது. தொழுதுவிட்டுச் சலாம் கொடுத்த பிறகு எழும்பாமல் அப்படியே இருந்து இரண்டு முழங்காலையும் தேய்த்துக்கொண்டிருப்பார். ஜலீலா தைலம் சூடாக்கிப் பூசிவிட்டாள். "வயசு," என்றார். "ஒங்களுக்கு மட்டுமா வயசு? எனக்கு நோகல்லயே," என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

பெப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பிறெஷர் குளிசை எடுக்கப் போன மஹ்மூத் மருந்துக்கடையில் நின்றபடியே சரிந்தார். ஆம்புலன்ஸ் வரும்போது உயிர் இல்லை. மறுநாளே ஜனாஸாவை அடக்கினார்கள். ஜலீலா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் அவனோடு வாழ்ந்த வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருக்கிற காலம் அது. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். நல்ல மௌத்து, வேதனைப்படாமல் போனார் என்று எல்லாரும் சொன்னார்கள். ஓம், ஓம் என்று அவளும் சொன்னாள்.

யாரிடமும் சொல்லாத ஒன்று அவளுக்குள் கிடந்தது. மார்ச்சில் அவள் ஒரு வார்த்தை சரி என்று சொல்லியிருந்தால் ஏப்ரலில் புறப்பட்டிருப்பார்கள். பத்து மாதம். புரோக்கன் ஹில்லும், அவர் வரைபடத்தில் விரல் வைத்து வைத்துக் காட்டிய சிவப்பு மண் ரோட்டும், கடல் பச்சையாக இருக்கும் என்று சொன்ன அந்த மேற்குக் கரையும். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போயிருப்பார். அதற்குப் பதிலாக யார்டு யார்டாகத் தரையில் விழுந்து எழும்பிவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் மஃரிபுக்கு அவள் கராஜுக்குத்தான் போனாள். குசினியிலிருந்து உள்கதவு வழியாகவே போகலாம், வீட்டைவிட்டு வெளியே போனதாகாது. தொழுகை விரிப்பான முசல்லாவைக் கோட்டுக்குப் பின்னால், தன் நான்கு அடியில் விரித்து நின்றாள். முன்னால் வெறும் சீமெந்து. வாய்க்குள்ளேயே ஓதினாள். ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் அவர் நிற்கும் அளவுக்கு நின்றாள்.

மார்ச் கடைசியில் தொழிற்சாலையிலிருந்து அர்ஹமுக்கு மின்னஞ்சல் வந்தது. கரவன் ஆயத்தம்.

"கென்சல் பண்ணிருவம் உம்மா," என்றான் அர்ஹம். "நாங்க வேணாம் எண்டா அவங்களே மேசையப் பூட்டி வேற ஆருக்கும் குடுப்பாங்களாம். மேசை கழர்றத ஆரும் விரும்ப மாட்டாங்களாம்."

"வேணாம். வரட்டும்."

"வந்து? ஆர் ஓடுற?"

"ஓடத் தேவையில்ல. முன்னால நிக்கட்டும். இத்தா முடிஞ்சதும் நான் அதுல இருந்துக்குவன்."

"மாமி, இவ்வளவு பெரிய வீட்ட வெச்சிக்கிட்டு..." என்று நஷ்வா தொடங்கினாள்.

"அது எனக்காக அளந்து கட்டினது, புள்ள. அதுல அவருக்கும் இடம் இரிக்கி, எனக்கும் இடம் இரிக்கி. இந்த வீட்டுல எனக்கு அவர் நிண்ட இடம் ஒண்டும் தெரியல்ல."

அர்ஹம் மனைவியைப் பார்த்தான். உம்மா இப்போது அப்படித்தான் பேசுவா, போகப்போகச் சரியாகும் என்கிற பார்வை. "வெள்ளிக்கிழமை ராவைக்குள்ள பதில் போடணும். யோசிங்க," என்று மட்டும் சொன்னான்.

சனிக்கிழமை நாற்பதாம் நாள் கத்தம். ஓதி, சாப்பாடு கொடுக்க வேண்டும். ஆண்களை எங்கே இருத்துவது என்ற பேச்சு வந்தபோது கராஜைத் தவிர வேறு இடம் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. காலையில் தண்ணீர் அடித்துக் கழுவிவிடலாம் என்று நஷ்வா மெதுவாகச் சொன்னாள். ஜலீலாவும் ஓம் என்றாள். கழுவாமல் எப்படிச் சோறு போடுவது?

வெள்ளிக்கிழமை பின்னேரம் வாடகைக் கதிரைகள் வந்திறங்கின. மஃரிபுக்குக் கைகால் கழுவி ஒளு எடுத்துக்கொண்டு ஜலீலா கராஜுக்குள் போனபோது, பிளாஸ்டிக் கதிரைகள் பத்துப் பத்தாக அடுக்கி அவளுடைய இடம் முழுவதும் நின்றன. தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. அர்ஹமைக் கூப்பிடலாம். நேரம் போய்க்கொண்டிருந்தது. முசல்லாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். பிறகு கோட்டைக் கடந்து, அவருடைய இடத்தில் போய் நின்றாள்.

முசல்லா விரியவில்லை. நுனி புத்தகத் தட்டில் முட்டி மடிந்தது. சரி என்று தக்பீர் சொல்லிக் கை கட்டினாள். ஓதினாள், குனிந்தாள், நிமிர்ந்தாள், சுஜூதுக்குப் போனாள். முழங்காலை வைத்து முன்னால் சாய்ந்தபோது உச்சந்தலை நங்கென்று தட்டில் இடித்தது.

பின்னால் தள்ளினாள். கால் கதிரைகளில் முட்டியது. அவள் ஐந்தடி உயரம்கூட இல்லாதவள். மஹ்மூத் கதவு நிலையில் குனிந்து வருகிறவர்.

தொழுகையை முறிக்க மனம் வரவில்லை. முழங்கால்களை வயிற்றுக்குள் இழுத்து, முதுகை வளைத்து, தன்னைத் தானே மடித்துக்கொண்டு நெற்றியை வைத்தாள். அப்படித்தான் வைக்க முடிந்தது. மூன்று ரக்அத்துக்கு ஆறு சுஜூது. நான்காவதில் முழங்கால் எரியத் தொடங்கியது. ஆறாவதில் கண்ணீர் வந்தது வலியால் என்றுதான் நினைத்தாள்.

சலாம் கொடுத்துவிட்டு, தட்டின் மேல் கிடந்த அவருடைய அளவு நாடாவை எடுத்தாள். தட்டின் அடியில் வைத்து இழுத்தாள். கோடு வரைக்கும் மூன்று அடி.

மூன்றும் நாலும் ஏழு. கண்ணாடிக்கு அப்பால் முதலாளி இரண்டு தடவை தலையை ஆட்டியது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஏழு அடிக்கு மேல் நீட்டினால் பாரம் கூடிவிடும், கார் இழுக்காது. தாளில் விரலை வைத்து மஹ்மூத் எதையோ சொன்னாரே. அவளுடைய நான்கில் கை வைக்கவில்லை. ஒக்டோபரிலிருந்து பெப்ரவரி வரை, நாளைக்கு மூன்று தடவை, அந்த நீளமான மனிதர் பிறக்காத பிள்ளையைப் போலச் சுருண்டு கிடந்து எழும்பியிருக்கிறார். அவள் எப்படிப் பார்த்திருப்பாள்? அவர் நெற்றி தரையில் இருக்கும்போதெல்லாம் அவளுடைய நெற்றியும் தரையில்தானே இருந்தது. எழும்பி நின்று ஓதும்போது அந்தக் குரலில் எங்கேயும் ஒரு முனகல் இருந்ததில்லை. அவசரம் இருந்ததில்லை.

அவள் தைலம் பூசியிருக்கிறாள். எனக்கு நோகவில்லையே என்று பரிகாசம் செய்திருக்கிறாள்.

கதவைத் திறந்துகொண்டு அர்ஹம் வந்தான். கையில் போன் வெளிச்சம். "உம்மா, அந்த மெயிலுக்கு..." என்றவன், அவள் தரையில் அளவு நாடாவோடு இருப்பதைக் கண்டு நிறுத்தினான். "என்ன உம்மா? விழுந்துட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப என்ன செய்யிறீங்க?"

நாடாவின் பொத்தானை அழுத்தினாள். அது சரசரவென்று உள்ளே ஓடி ஒடுங்கியது.

"வேணாம் எண்டு எழுது, மகன்."

"வேணும் எண்டு சொன்னீங்களே?"

"இடம் போதாது."

"உங்க ஒரு ஆளுக்கு அது தாராளம் உம்மா..."

"அந்த வார்த்தையச் சொல்லாத," என்றாள் ஜலீலா. அவன் திடுக்கிட்டுப் போனான். பிறகு குரல் இறங்கி, "வாப்பாக்கு இடம் போதாது, மகன்," என்றாள். "மேசையப் பூட்டச் சொல்லு. வேற ஆரும் சந்தோஷமா இருந்து தின்னட்டும்."

அர்ஹமுக்கு விளங்கவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டான். அவளிடம் வருவதற்காக வெள்ளைக் கோட்டின் மேல் காலைத் தூக்கியவன், தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்தான். அடுப்பைச் சுற்றி, கழிவறையைச் சுற்றி, கதவு இருந்த இடத்துக்குப் போய், அது வழியாக உள்ளே வந்தான். உம்மாவின் பக்கத்தில், அந்த மூன்று அடிக்குள், காலை மடக்கிக்கொண்டு உட்கார இடம் தேடினான்.